வங்கி பெயரில் வரும் போலி மெயில்: உஷார்!



கொய்யா விற்ற பணமானாலும், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணமானாலும், ஆயக்குடியில் இன்று வங்கிக் கணக்கில்தான் வந்து சேர்கிறது. அதைக் குறிவைத்து, "கேஒய்சி முடிந்துவிட்டது, இன்றே லிங்க்கை அழுத்தாவிட்டால் கணக்கு முடக்கப்படும்" என்று வங்கியின் லோகோவுடன் போலி மெயில்கள் வருகின்றன.

கண்டுபிடிப்பது எப்படி?

• பாஸ்வேர்டு, பின், ஓடிபி ஆகியவற்றை எந்த வங்கியும் மெயிலில் கேட்காது.

• அனுப்பியவர் பெயரை நம்பாமல் முழு மெயில் முகவரியையும் பாருங்கள்.

• இந்திய வங்கிகளின் இணையதள முகவரி 2025 அக்டோபர் 31-க்குள் '.பேங்க்.இன்' என்று முடியும்படி மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்தச் சொல் நடுவில் இருந்தால் போதாது. முடிவில் இருக்க வேண்டும். லிங்க்கை அழுத்தாமல் முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள்.

ஏமாந்துவிட்டால்?

வெட்கப்பட்டு வீட்டாரிடம் மறைக்காதீர்கள். உடனே வங்கிக்கும், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, ஓடிபியை நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் நஷ்டமாகவும், தெரிவித்த பிறகு போனால் வங்கியின் பொறுப்பாகவும் இருந்தது. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

தீயவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது திருக்குர்ஆன் (49:6). மெயிலில் வரும் செய்திக்கும் அதுவே வழி.