திரும்பிப் போக ஒரு வழி



போன வாரம் இரவு பத்து மணிக்குப் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், கம்ப்யூட்டரில் ஏதோ செட்டிங்கை மாற்றிவிட்டேன். ஸ்கிரீன் கறுப்பாகவே நிற்கிறது. கடையில் ஃபார்மட் பண்ணச் சொல்கிறார்கள். அம்மா படமெல்லாம் அதில்தான் சார் இருக்கிறது" என்றான். அவன் அம்மா தவறி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"ஃபார்மட்டுக்கு ஒத்துக்கொள்ளாதே தம்பி. அதற்கு முன்னால் ஒரு வழி இருக்கிறது" என்றேன்.

அந்த வழி வந்ததே ஒரு சரித்திரம். சரித்திர வாத்தியார் சொல்லாமல் விடுவேனா?

1983-இல் டாஸ் 2.0 வந்தது. கம்ப்யூட்டர் தொடங்கும்போது படிக்க வேண்டிய அமைப்பு விவரங்களை 'கான்ஃபிக்.சிஸ்' என்ற சின்னக் கோப்பில் வைத்தார்கள். அதில் ஒரு வரி தவறினாலும் கம்ப்யூட்டர் பாதியில் நின்றுவிடக்கூடும். கோப்பைத் திருத்தக் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். கம்ப்யூட்டர் ஓடக் கோப்பு சரியாக இருக்க வேண்டும். சாவியை உள்ளே வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதைதான். தனியாக ஒரு ஃபிளாப்பி வைத்திருந்தவர்கள் அதைப் போட்டு எழுப்பினார்கள்.

பத்து ஆண்டு கழித்து, 1993-இல் எம்.எஸ்.டாஸ் 6 வந்தது. எஃப்5 அழுத்தினால் அந்தக் கோப்பைப் படிக்காமலே தொடங்கும். எஃப்8 அழுத்தினால் ஒவ்வொரு வரிக்கும் நம்மிடம் அனுமதி கேட்கும். எந்த வரியில் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

பிறகு அமைப்புகளெல்லாம் 'ரெஜிஸ்ட்ரி' என்ற ஒரே பேரேட்டுக்குள் போயின. பேரேடு கெட்டால் எல்லாம் கெட்டதே. அதனால் விண்டோஸ் 98 அதற்கு ஐந்து பழைய நகல்கள் வரை வைத்துக்கொண்டது. 2000-இல் விண்டோஸ் மி, 'சிஸ்டம் ரெஸ்டோர்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. கம்ப்யூட்டர் நன்றாக இருந்த ஒரு நாளின் அமைப்புக்குத் திரும்பலாம். நம் படங்களையும் கடிதங்களையும் அது தொடாது.

மனிதன் தவறு செய்வான் என்பதை ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு இது. அந்த இடத்துக்கு வந்துசேர 17 ஆண்டுகள் ஆயின.

இப்போதைய விண்டோஸ் சில முறை தொடர்ந்து தொடங்க முடியாமல் போனால், சரிசெய்யும் திரையைத் தானே காட்டும். மாணவனுக்கும் அது வந்தது. 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'சிஸ்டம் ரெஸ்டோர்' என்று போனில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பத்து நாளுக்கு முந்தைய தேதி ஒன்று இருந்தது. அரை மணி நேரத்தில் கம்ப்யூட்டர் எழுந்தது. அம்மா படங்கள் அப்படியே இருந்தன. அவனுக்குப் பேச்சு வரவில்லை.

எல்லோருக்கும் வீட்டுப்பாடம் இரண்டு. உங்கள் கம்ப்யூட்டரில் 'சிஸ்டம் புரொடெக்ஷன்' ஆன் ஆகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பலவற்றில் அது அணைந்தே கிடக்கிறது. ஹார்ட் டிஸ்க்கே போய்விட்டால் அதுவும் உதவாது. ஆகவே வீட்டுப் படங்களை வேறொன்றிலும் நகல் எடுத்து வையுங்கள்.

முடித்தவர்கள் கீழே 'ஆச்சு சார்' என்று எழுதுங்கள். வருகைப் பதிவு எடுப்பேன்.