ஒடிசியஸ்: கோபத்தில் பிறந்த பெயர்

ஒடிசியஸ் என்றும் யுலிசிஸ் என்றும் இரண்டு பெயர்களைப் படித்துவிட்டு, ட்ராய் போரிலிருந்து திரும்பிய இரண்டு வீரர்கள் என்று நினைத்துக்கொள்ளும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஹோமரின் காப்பியத்துக்குப் பெயர் ஒடிசி. டென்னிசன் 1842இல் வெளியிட்ட கவிதைக்குப் பெயர் யுலிசிஸ். ஜேம்ஸ் ஜாய்ஸின் 1922ஆம் ஆண்டு நாவலுக்கும் அதே பெயர். ஆள் ஒருவன்தான், இதாக்கா தீவின் அரசன். கிரேக்கர் நாவில் அவன் ‘ஒதுஸ்ஸெயுஸ்’. இரண்டு பெயர்களையும் பிரிப்பது முக்கியமாக ஓர் ஒலிமாற்றம். தகரம் இருந்த இடத்தில் லகரம் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்படி மாறியபோது பெயருக்குள் இருந்த ஒரு பொருளும் கழன்றுபோனது.

பெயர்களை இடுகுறி, காரணம் என்று பிரிப்பது நம் இலக்கண வழக்கம். மரம் ஏன் மரம் என்று கேட்டால் பதில் இல்லை. பறப்பதால் பறவை. கிரேக்கக் காப்பியப் பெயர்களுக்கும் இந்த அளவுகோல் நன்றாகவே பொருந்துகிறது. ஒடிசியஸின் மகன் டெலிமாக்கஸ் என்றால் ‘தொலைவில் போரிடுபவன்’. தொலைவில் போரிட்டவன் தகப்பன். பெயர் பிள்ளைக்கு வந்தது. ட்ராய் வீரன் ஹெக்டர் தன் மகனுக்கு வைத்த பெயர் ஸ்கமாந்திரியஸ். ஊரார் அந்தக் குழந்தையை அஸ்தியானக்ஸ், அதாவது ‘நகரத் தலைவன்’ என்றே அழைத்தார்கள். நகரைக் காத்து நின்றவன் ஹெக்டர் என்பதால் அந்தப் பெயர். இவை எல்லாம் காரணப்பெயர்கள்.

ஆனால் ‘எயுஸ்’ என்று முடியும் பெயர்கள் பலவும் அத்தனை எளிதில் பிடிகொடுப்பதில்லை. ட்ராய் போரின் கிரேக்க வீரன் அகிலீஸின் கிரேக்கப் பெயரான அகில்லெயுஸும் இந்த வகைதான். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் வாசித்துக்காட்டிய லீனியர் பி என்ற பழைய எழுத்துமுறையிலான களிமண் பலகைகளில், ஹோமருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய அரண்மனைக் கணக்குகளில், அகில்லெயுஸ் என்ற பெயர் சாதாரண மனிதன் ஒருவனின் பெயராக வருகிறது. அவ்வளவு பழைய பெயர்வகை இது. ஒதுஸ்ஸெயுஸின் வேர் கிரேக்க மொழியே அல்ல, கிரேக்கர் வருவதற்கு முன் அங்கிருந்தோரின் மொழியிலிருந்து வந்தது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அது சரியென்றால் கிரேக்கருக்கே அது இடுகுறிப்பெயர்தான். அந்த இடுகுறிக்குக் காரணம் கற்பித்தவன் கவிஞன்.

அப்படிக் காரணம் கற்பிக்கும் காட்சி ஒடிசியின் பத்தொன்பதாம் காண்டத்தில் வருகிறது. இருபது ஆண்டுகள் கழித்துப் பிச்சைக்காரன் வேடத்தில் தன் வீட்டுக்கே வந்திருக்கிறான் ஒடிசியஸ். மனைவி பெனலோபிக்கும் அவன் யாரென்று தெரியாது. விருந்தாளிக்குக் கால் கழுவ வருகிறாள் அவனை வளர்த்த கிழச் செவிலி யூரிகிளியா. வெண்கலப் பாத்திரத்தில் குளிர்நீர் ஊற்றி, அதில் வெந்நீர் கலக்கிறாள். காலைத் தடவும்போது முழங்காலுக்கு மேலே இருக்கும் பழைய தழும்பு கையில் தட்டுப்படுகிறது. காட்டுப்பன்றியின் கொம்பு கிழித்த தழும்பு அது.

சரியாக அந்த இடத்தில் ஹோமர் கதையை நிறுத்துகிறார். எழுபதுக்கும் மேற்பட்ட அடிகளுக்குத் தழும்பின் கதை ஓடுகிறது. கிளைக்கதை என்ற உத்திக்கு மாணவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் இதைவிட நல்லதை நான் காட்டமாட்டேன். எரிக் அவெர்பாக், 1946இல் வெளியான ‘மைமீசிஸ்’ நூலின் முதல் கட்டுரையை இந்தத் தழும்பைக் கொண்டுதான் தொடங்கினார். ஆனால் தழும்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும், அந்தக் கிளைக்கதைக்குள் பெயர்சூட்டலும் இருப்பதை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

குழந்தை பிறந்த வீட்டுக்குத் தாய்வழிப் பாட்டன் அட்டோலிகஸ் வந்திருக்கிறான். பர்னாசஸ் மலைப்பக்கத்து ஆள். திருட்டிலும், சத்தியம் செய்தே ஏமாற்றுவதிலும் அவனை மிஞ்ச ஆளில்லை. ஹெர்மீஸ் தெய்வமே கொடுத்த வரம். அவன் சாப்பிட்டு முடித்ததும் குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைக்கிறாள் யூரிகிளியா. பெயர் வையுங்கள், இது வேண்டிப்பெற்ற பிள்ளை என்கிறாள். ‘வேண்டிப்பெற்றவன்’ என்ற பொருளில் அவள் சொல்லும் சொல்லே கிரேக்கத்தில் ஒரு பெயராக நிற்கக்கூடியது. செவிலி நாசூக்காக ஒரு பெயரை எடுத்துக்கொடுக்கிறாள்.

கிழவன் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பலர்மீது, ஆணும் பெண்ணுமாகப் பலர்மீது, கோபத்தோடு தான் இங்கே வந்திருப்பதாகச் சொல்லி, அதனால் பிள்ளைக்கு ஒதுஸ்ஸெயுஸ் என்பதே பெயராகட்டும் என்கிறான். ‘கோபத்தோடு’ என்பதற்கு அவன் பயன்படுத்தும் சொல் ‘ஒதுஸ்ஸாமெநொஸ்’. வெறுப்பு, சினம் என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்த எச்சம். நம்மிடம் பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் பெயரன், அதுவே பேரன் ஆயிற்று என்பார்கள். அட்டோலிகஸ் பேரனுக்குத் தன் பெயரைத் தரவில்லை, தன் பகையைத் தந்துவிட்டுப் போனான்.

அந்த எச்சத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. கோபம் கொண்டவனா, பலருடைய கோபத்துக்கு ஆளானவனா? திருடனை ஊர் வெறுப்பதும் இயல்பு, ஊரைத் திருடன் வெறுப்பதும் இயல்பு. அறிஞர்கள் இதில் ஒருமித்து நிற்கவில்லை. காப்பியம் இரண்டையும் நடத்திக்காட்டுகிறது என்பதே என் துணிவு. கடல்தெய்வம் பொசைடன் அவன்மேல் கோபம் கொண்டு அலைக்கழிக்கிறான். வீடு வந்தபின் மனைவியை மணக்கக் கேட்டுச் சூழ்ந்திருந்த 108 பேரை அவன் கோபம் கொன்று தீர்க்கிறது. முதல் காண்டத்திலேயே பெண்தெய்வம் அத்தீனா, அவன்மேல் ஏன் இத்தனை கோபம் என்று தெய்வங்களின் அரசன் ஸியூஸிடம் கேட்கும்போது அதே வினையைத்தான் பயன்படுத்துகிறாள். பெயரின் காரணம் பத்தொன்பதாம் காண்டத்தில்தான் வெளிப்படுகிறது. விதை முதலிலேயே ஊன்றப்பட்டுவிட்டது.

அந்த முதல் காண்டத்தின் தொடக்கமும் கவனிக்கத்தக்கது. ஹோமரின் மற்றொரு காப்பியமான இலியத் தன் முதல் அடியிலேயே அகிலீஸின் பெயரைச் சொல்லிவிடுகிறது. ஒடிசியோ ‘மனிதன்’ என்ற வெறும் பொதுப்பெயரோடு தொடங்கி, 21ஆம் அடியில்தான் நாயகனின் பெயரைச் சொல்கிறது. அதுவரை அவனைத் தாங்கி நிற்பது ‘பொலுத்ரொபொஸ்’ என்ற அடைமொழி. பல திருப்பங்கள் உடையவன் என்று பொருள். பல வழி அலைந்தவனும் ஆகலாம், பல விதமாக வளையும் மனம் உடையவனும் ஆகலாம்.

பெயர் விளையாட்டின் உச்சம் ஒன்பதாம் காண்டம். ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸ் பெயர் கேட்கும்போது ‘ஊட்டிஸ்’ என்கிறான் ஒடிசியஸ். ‘யாருமில்லை’ என்று பொருள். கண் குத்தப்பட்ட அரக்கன், தன்னைக் கொல்வது யாருமில்லை என்று குகைக்குள்ளிருந்து அலறுகிறான். தமிழிலும் இந்தச் சிலேடை அப்படியே நிற்பது நம் அதிர்ஷ்டம். ஆனால் இதற்குள் தமிழுக்கு வராத இன்னொன்று உண்டு. கிரேக்கத்தில் எதிர்மறைச் சொற்கள் இரண்டு, ‘ஊ’ ஒன்று, ‘மே’ ஒன்று. நிபந்தனை வாக்கியத்தில் ‘மே’ வரவேண்டும். வெளியே நிற்கும் மற்ற அரக்கர்கள், யாரும் உன்னைத் தாக்கவில்லை என்றால் என்று பேச்சைத் தொடங்கும்போது ‘ஊட்டிஸ்’ என்பது ‘மே டிஸ்’ ஆகிறது. ‘மேட்டிஸ்’ என்று சேர்த்துக் கேட்டால் தந்திரம். தன் தந்திரம் பலித்ததென்று அடுத்த சில அடிகளிலேயே மனத்துக்குள் சிரிக்கிறான் ஒடிசியஸ், அங்கே வருவதும் அந்த ‘மேட்டிஸ்’தான்.

தப்பிக் கப்பலேறியவன் அதோடு நிறுத்தவில்லை. தன் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாவற்றையும் உரக்கக் கத்துகிறான். அரக்கன் அந்தப் பெயரைச் சொல்லித்தான் தன் தந்தை பொசைடனிடம் சாபம் கேட்கிறான். பெயரில்லாதவனாக இருந்தவரை பிழைத்தான். பெயரைச் சொன்னதும் பெயரின் பொருள் பலித்தது.

இனி லகரத்துக்கு வருவோம். கிரேக்கத்திலேயே பழைய மட்பாண்ட ஓவியங்களில் ‘ஒலுத்தெயுஸ்’ போன்ற வடிவங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. தகர வடிவமும் லகர வடிவமும் அருகருகே வழங்கியிருக்கின்றன. லகர வடிவத்தில் ‘ஒதுஸ்ஸாமெநொஸ்’ என்ற சொல்லோடு ஒட்டும் ஓசை இல்லை. ரோமர்களிடம் ‘உலிக்ஸேஸ்’ என்று போனது அந்த லகர வடிவம்தான். கிமு மூன்றாம் நூற்றாண்டில் லிவியுஸ் அந்திரோனிக்குஸ் இந்தக் காப்பியத்தை லத்தீனில் பெயர்த்தபோது நூலின் தலைப்பு தகரத்தோடு ‘ஒதூசியா’. உள்ளே, மிஞ்சியிருக்கும் துணுக்கில், நாயகன் லகரத்தோடு உலிக்ஸேஸ். நூலுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்ற இன்றைய குழப்பம் அவ்வளவு பழையது.

லத்தீன் வழியாகவே ஐரோப்பா நெடுங்காலம் கிரேக்கத்தைப் பார்த்தது. அலெக்சாண்டர் போப்பின் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில மொழிபெயர்ப்பிலும், 1900இல் வந்த சாமுவேல் பட்லரின் உரைநடையிலும் அவன் யுலிசிஸ்தான். நூலின் பெயரோ தன் வழியில் பொதுச்சொல்லாகி, நெடிய துன்பப் பயணம் எதையும் குறிக்கத் தொடங்கியது. 1970இல் வழியில் விபத்துக்குள்ளாகி நிலவைச் சுற்றி மீண்ட அப்போலோ 13 கலத்தின் கட்டளைப் பகுதிக்கு, புறப்படும் முன்பே வைக்கப்பட்டிருந்த பெயர் ஒடிசி.

தமிழில் எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. டென்னிசனையும் ஜாய்ஸையும் பேசும்போது யுலிசிஸ் என்று எழுதுங்கள். ஹோமரைப் பேசும்போது ஒடிசியஸ் என்றே எழுதுங்கள். பாட்டன் வைத்த கோபம் அந்தத் தகரத்தின் வழித்தோன்றலான டகரத்தில்தான் இருக்கிறது. மாணவர்கள் 24 காண்டங்களையும் கண்டு மலைக்க வேண்டாம். பத்தொன்பதாம் காண்டத்தை முதலில் எடுங்கள். செவிலியின் கையிலிருந்து கால் நழுவி, பாத்திரம் கவிழ்ந்து, தண்ணீர் தரையில் கொட்டும் இடம்வரை படியுங்கள். அன்று குழந்தையைப் பாட்டன் மடியில் வைத்த கைகள்தான் அவை.