சல்லடை எண்ணும் மதிப்பெண்ணும்

தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில், இறைவனுக்கு அளிக்கப்பட்ட அணிகலன்களைப் பற்றிய பகுதிகளை வாசிப்பவர்கள் ஒரு செய்தியைக் கவனித்திருக்கக் கூடும். அணியில் கோக்கப்பட்ட முத்துகள் எத்தனை என்பதோடு கணக்கு அங்கே முடிவதில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, இரட்டை, சப்பத்தி, கறடு, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று முத்தின் வகைகள் பெயர் பெயராகச் சொல்லப்படுகின்றன. எண்ணிக்கை தனியாகவும், வகை தனியாகவும், கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என எடை தனியாகவும் வெட்டப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பொருளைத் தரம்பிரித்து எழுதி வைத்தவர்கள், மூன்று வேறு அளவைகளை ஒன்றோடொன்று கலக்காமல் காத்திருக்கிறார்கள்.

அம்முத்துகள் விளைந்த மன்னார் வளைகுடாவில் இந்த மரபு பிற்காலத்திலும் தொடர்ந்தது. இலங்கை முத்துக்குளிப்பின் மேற்பார்வையாளராக இருந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் 1843இல் வெளியிட்ட நூலில், வணிகர்கள் முத்தைத் தரம்பிரித்த முறையை விவரிக்கிறார். முதலில் சல்லடை. சிறு தட்டு வடிவிலான, துளையிட்ட பித்தளைச் சல்லடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதல் சல்லடையில் 20 துளைகள். அடுத்தடுத்தவற்றில் 30, 50, 80, 100, 200 என்று ஏறி 1000 துளைகள் வரை செல்லும். எந்தச் சல்லடையில் முத்து தங்குகிறதோ அந்தத் துளைகளின் எண்ணே அதன் பெயர். பெரிய முத்துக்குச் சிறிய எண், சிறிய முத்துக்குப் பெரிய எண்.

இவ்வளவில் முத்துக்கு விலை வந்துவிடாது. சல்லடை வேலை முடிந்தபின்தான் கண்ணின் வேலை தொடங்கும். உருட்சியும் ஒளியும் குறைவின்றி அமைந்தது ஆணி. அதிலிருந்து படிப்படியாக இறங்கி, வடிவு, கலிப்பு என்றெல்லாம் பிரிந்து, கடைசியில் தூளில் முடியும். ஒரே சல்லடையில் தங்கிய இரண்டு முத்துகள் இங்கே வெகுதூரம் விலகிப் போகும். மூன்றாவது வேலை தராசினுடையது. அங்கும் ஒரே வாய்பாடு எல்லா முத்துக்கும் செல்லாது. உயர்ந்த வகைக்கு எடையின் வர்க்கத்தை அடிப்படையாகக் கொண்ட கணக்கு. மட்டமான வகைக்கு வெறும் எடைக் கணக்கு. எந்த வாய்பாட்டைப் பயன்படுத்துவது என்பதைக் கண் முதலில் முடிவு செய்யும்; கணக்கு அதற்குப் பின்னால் வரும்.

முத்தைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம், அதே கரையில் இன்று பிள்ளைகளைத் தரம்பிரித்துப் பதியும் இணைய மதிப்பெண் பதிவேடுதான். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. சல்லடைகள் ஓய்ந்தன. வகுப்பறைகளில் கட்டம் போட்ட பதிவேடுகளோ பெருகிக்கொண்டே வந்தன.

அந்தப் பதிவேட்டின் வரலாறு நீண்டது. பெல்லாரி மாவட்ட ஆட்சியர் ஏ.டி. காம்ப்பெல், சென்னை மாகாணத்தின் பள்ளிகளைப் பற்றி நடந்த விசாரணைக்காக 1823இல் ஓர் அறிக்கை எழுதினார். நாட்டுப்புறப் பள்ளிகளில் காலையில் முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும், இரண்டாவதாக வருபவனின் கையில் ஒரு சுழியம், மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதன்பின் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அடி கூடுதல் என்கிறார் அவர். சுழியத்திற்கு அவர் தரும் விளக்கமும் முக்கியமானது: அது பாராட்டும் இல்லை, பழியும் இல்லை என்பதன் குறி. வருகைக்கு மதிப்பெண் அளிக்கும் பழக்கம் இருந்த அந்தப் பள்ளியில்கூட, பூச்சியம் என்பது தண்டனையாக இருக்கவில்லை.

இதற்குச் சில பத்தாண்டுகள் முன்பு, 1789இல், ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் மேற்பார்வையை ஏற்றார். மணலில் விரலால் எழுதிப் பழகும் நம் திண்ணைப் பள்ளி வழக்கத்தையும், மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் வைத்து அவர் அமைத்த கல்விமுறை, 1797இல் லண்டனில் நூலாக வெளிவந்து ‘மதராஸ் முறை’ என்று பெயர் பெற்றது. கற்பிக்கும் முறைக்காகவே அது நினைவுகூரப்படுகிறது. ஆனால், அன்றன்று நடந்த பாடத்தின் அளவை எழுதும் பதிவேடும், தவறுகளை எழுதும் கறுப்பு ஏடும் அதன் அங்கங்கள். கையில் எழுதி மாலைக்குள் அழிந்துபோன குறி, இங்கே தாளில் ஏறி நிலைத்துவிட்டது.

அந்தத் தாளில் அடுத்து ஏறியது பணம். 1860களில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, சென்னை மாகாணத்தில் ‘விளைவுக்கேற்ற மானியம்’ என்ற முறை நடந்தது. ஆய்வாளர் வந்து ஒவ்வொரு மாணவனையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் சோதிப்பார். தேறியவர்களின் எண்ணிக்கைக்கேற்பப் பள்ளிக்கு மானியம் வரும். மிஷன் பள்ளிகள் நிறைந்திருந்த அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இது பெரிய செய்தி. சாயர்புரத்தில் இயங்கிய கல்லூரியைக் கால்டுவெல் 1883இல் தூத்துக்குடிக்கு மாற்றிய காலமும் இதுவே. இம்முறையில் மாணவனின் மதிப்பெண் ஆசிரியரின் சம்பளத்தோடு பிணைந்துவிட்டது. கேள்விக்கு விடையை மனப்பாடம் செய்விக்கும் பழக்கத்திற்கு இது எவ்வளவு உரமிட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. சல்லடையில் தங்கினால் போதும், ஒளி எப்படியிருந்தாலும் சரி என்ற நிலை அது.

1911இல் நடைமுறைக்கு வந்த எஸ்.எஸ்.எல்.சி. திட்டம் இதற்கு ஒரு மாற்றாக எண்ணப்பட்டது. பொதுத்தேர்வு மதிப்பெண்ணோடு பள்ளியில் பெற்ற மதிப்பெண்களும் ஒரே புத்தகத்தில் இடம்பெற்றன. ஒருநாள் தேர்வை மட்டும் நம்பாமல், பல மாதங்கள் மாணவனைக் கண்டவரின் கணிப்புக்கும் இடம் தர வேண்டும் என்பது அதன் உட்பொருள். காலப்போக்கில் பொதுத்தேர்வே எல்லாமாகி, பள்ளிப் பதிவேடு அலமாரிக்குள் ஒதுங்கியது.

அலமாரியிலிருந்து அது வெளிவந்த நாள் 2020 ஜூன் 9. பெருந்தொற்றினால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்படுகிறது என்று தமிழக அரசு அன்று அறிவித்தது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களுக்கு 80 விழுக்காடு, வருகைப்பதிவுக்கு 20 விழுக்காடு என்பது வகுக்கப்பட்ட கணக்கு. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் சான்றிதழ் இவ்வாறு எழுதப்பட்டது. மறு ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று விழுக்காடுகள் பிரிக்கப்பட்டன. இறுதித் தீர்ப்பு என்று யாரும் நினைக்காமல் எழுதிவைத்த எண்கள் பின்னோக்கித் தீர்ப்பாயின. காய்ச்சலோடு எழுதிய காலாண்டுத் தேர்வுக்கும், வீட்டுச் சூழலால் தவறிய வருகைக்கும் அப்போது விளக்கம் எழுத ஒரு கட்டம் இருந்திருந்தால், அந்த விளக்கமும் உடன்வந்திருக்கும். கட்டம் இல்லை, எண் மட்டும் வந்தது.

இணையப் பதிவேட்டின் இயல்பு இங்கேதான் கவனத்துக்குரியது. 2002இல் வெளிவந்த மூடுல் போன்ற மென்பொருள்களில் ஆசிரியர் செய்யும் முதல் வேலை, எதற்கு எத்தனை விழுக்காடு என்று வகுப்பது. கூட்டல், பெருக்கல், சராசரி எல்லாவற்றையும் கருவி பிழையின்றிச் செய்துவிடும். ஆனால் காலிக் கட்டத்தை என்ன செய்வது என்பதை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். மூடுலில் அதற்கென்றே ஒரு தெரிவு உண்டு: மதிப்பெண் இடாத கட்டங்களைச் சராசரியிலிருந்து விலக்கலாம், அல்லது பூச்சியமாகக் கொள்ளலாம். மூன்று பயிற்சிகளில் இரண்டில் 80 பெற்று, ஒன்றை ஒப்படைக்காத மாணவிக்கு முதல் தெரிவில் சராசரி 80, இரண்டாவதில் 53. மாணவி ஒருத்திதான், அவள் எழுதியதும் ஒன்றுதான். திரையில் ஒரு சிறு குறியை யாரோ தொட்டதோ தொடாததோதான் வேறுபாடு.

தூத்துக்குடிக் கரையில் இது ஏட்டளவான கவலை ஆகாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது. வெள்ளத்தில் போன சான்றிதழ்களுக்காகச் சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. தாளில் எழுதியது நனையும். இணையத்தில் ஏற்றியது நனையாது. இணையப் பதிவேட்டின் பக்கம் இருக்கும் மிக வலுவான வாதம் இது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வாரத்தில் ஒரு பிள்ளையின் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்ற செய்தி, எழுதி வைக்காவிட்டால் வெள்ளம் இல்லாமலே அழிந்துவிடும்.

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் நடந்துவரும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஆசிரியர் அதைக் கைபேசிச் செயலியில் பதிகிறார். முத்துக்கு இட்ட பெயர்களைப்போல இவையும் கண்ணால் கண்டு சொல்லும் பெயர்கள். அவற்றில் ஒரு நல்ல கூறும் உண்டு: அரும்பு மொட்டாகும் என்ற எதிர்பார்ப்பு பெயருக்குள்ளேயே இருக்கிறது. கலிப்பு ஒருநாளும் ஆணி ஆகாது. முத்துக்கும் பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு அது.

ஆகவே பதிவேட்டைக் குறைசொல்வதைவிட, முத்து வணிகர்கள் கடைப்பிடித்த ஒழுங்கை அதனிடம் கேட்பது பயனுள்ளது. சல்லடையின் எண், கண் கண்ட தரம், தராசின் கணக்கு ஆகிய மூன்றும் தனித்தனியே நிற்கட்டும். ஒவ்வொரு மாணவருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சொல்லுக்கோ ஒரு வரிக்கோ இடம் இருக்கட்டும். பின்னாளில் வேறொரு கணக்குக்காக அந்த எண் எடுத்துச் செல்லப்படும்போது அந்த வரியும் கூடவே செல்லட்டும். காலிக் கட்டம் பூச்சியமாவதற்கு முன்னால் ஒருவர் அந்தப் பிள்ளையிடம் பேசியிருக்கட்டும். எந்த விழுக்காட்டில் தன் உழைப்பு நிறுக்கப்படுகிறது என்பது பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஆண்டின் முதல் நாளே தெரிந்திருக்கட்டும்.

கோயிலுக்குக் கொடுத்த முத்தில் கறடும் சப்பத்தியும் இருந்ததைக் கல்லில் வெட்டியவர்கள் மறைக்கவில்லை. அவற்றை வட்டத்தோடு சேர்த்துச் சராசரி எடுக்கவும் இல்லை. ஒவ்வொன்றையும் அதனதன் பெயரால் எழுதி, மாலையில் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தார்கள்.