பத்து பகாட்டிலிருந்து ஜப்பானுக்குக் கப்பலேறிய இரும்பு

ஜோகூர், பத்து பகாட் மாவட்டத்தின் உட்பகுதியில் ஸ்ரீ மேடான் என்ற சிறு பட்டணம் இருக்கிறது. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். மலாயாவில் ஜப்பானியர் நடத்திய பெரிய இரும்புச் சுரங்கங்களின் வரலாறு இங்குதான் தொடங்கியது என்பது அவ்வழியே காரில் போகும் பலருக்குத் தெரியாது. 1921 முதல் இங்கு வெட்டியெடுத்த தாது ஜப்பானுக்குக் கப்பலேறியது. அதை உருக்க ஜோகூரில் ஓர் உலைகூட இருக்கவில்லை.

சுரங்கத்தைத் தொடங்கியவர் இஷிஹாரா ஹிரோயிச்சிரோ. 1890இல் கியோத்தோவில் பிறந்த இவர், 1916இல் ரப்பர் பயிரிட மலாயா வந்தார். அக்காலத்தில் ஜோகூரில் ஜப்பானியர் வசம் பல ரப்பர் தோட்டங்கள் இருந்தன. ஆனால், இஷிஹாராவுக்கு ரப்பர் கைகொடுக்கவில்லை. வேறு வழி தேடியவர் 1919இல் ஸ்ரீ மேடானில் இரும்புத் தாது இருப்பதைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே ஓசாகாவில் நன்யோ கோக்யோ கோஷி என்ற நிறுவனத்தைப் பதிவு செய்தார்.

தாது கிடைத்துவிட்டால் மட்டும் சுரங்கம் உருவாகிவிடாது. அதை வாங்க ஆள் வேண்டும். வாங்குபவர் உறுதி கொடுத்தால்தான் வங்கி கடன் கொடுக்கும். இஷிஹாராவுக்கு வாய்த்த வாடிக்கையாளர், ஜப்பானிய அரசின் யவாத்தா இரும்பு எஃகு ஆலை. 1901இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை, சீனாவின் தாயே சுரங்கத் தாதுவைப் பெரிதும் நம்பியிருந்தது. சீனாவில் அரசியல் கொந்தளிப்பு கூடக் கூட, வேறு இடத்துத் தாது தேவை என்ற கவலை யவாத்தாவுக்கு வந்தது. அந்த நேரத்தில் ஜோகூர் தாது போய் நின்றது. யவாத்தாவின் கொள்முதலும் தைவான் வங்கியின் கடனும் சேர்ந்து சுரங்கத்தை எழுப்பின.

நூறாண்டுக்குப் பின்னும் இந்த முறை மாறவில்லை. ஆஸ்திரியாவின் தெற்கே வோல்ஃப்ஸ்பெர்க் என்ற ஊரில், மின்சார கார் பேட்டரிக்கான லித்தியத்தை மலைக்குள் சுரங்கம் குடைந்து எடுக்கும் திட்டம் ஒன்று உள்ளது. அங்கே லித்தியம் இருப்பது 1981இலேயே கண்டறியப்பட்டது. சோதனைச் சுரங்கப்பாதையும் அந்தப் பத்தாண்டிலேயே வெட்டப்பட்டது. ஆனால் வாங்க ஆளில்லாமல் பல ஆண்டுகள் கிடந்தது. 2022 டிசம்பரில்தான் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ நிறுவனம், 1 கோடியே 50 லட்சம் அமெரிக்க டாலர் முன்பணத்துடன் கொள்முதல் ஒப்பந்தம் செய்தது. மண்ணுக்கடியில் இருப்பதை விட, மண்ணுக்கு மேலே யார் காத்திருக்கிறார்கள் என்பதே சுரங்கத்தின் தலையெழுத்தை எழுதுகிறது.

ஸ்ரீ மேடானில் வோல்ஃப்ஸ்பெர்க்கைப் போல மலையைக் குடைய வேண்டியிருக்கவில்லை. செறிவான தாது மேலாகவே கிடந்ததால் வெட்டி அள்ளினார்கள். அங்கிருந்து சிம்பாங் கிரி ஆற்றுக்கு வந்த தாது, தொங்காங் படகுகளில் ஆற்றோடு இறங்கி, பத்து பகாட்டுக்கு அப்பால் கடலில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களில் ஏறியது. சிம்பாங் கிரியும் சிம்பாங் கானானும் கலந்துதான் பத்து பகாட் ஆறு ஆகிறது. "செதுக்கிய கல்" என்று பொருள்படும் ஊர்ப் பெயர் இந்தத் தொழிலுக்குப் பொருத்தமாக அமைந்தது தற்செயல்தான். பெயர் சுரங்கத்தை விடப் பல நூற்றாண்டு மூத்தது.

தாதுவை இங்கேயே உருக்கியிருக்கக்கூடாதா என்ற கேள்வி எழலாம். உலைக்குக் கோக் கரி வேண்டும். மலாயாவின் பெரிய நிலக்கரிச் சுரங்கம் சிலாங்கூர், பத்து ஆராங்கில் இருந்தது. அந்தக் கரி ரயிலுக்கும் மின்நிலையத்துக்கும் உதவியதே தவிர, கோக் ஆக்க ஏற்றதல்ல. பிரிட்டிஷ் ஆட்சியாளர்களுக்கோ மலாயா இரும்பு தேவைப்படவில்லை. தங்களுக்கு வேண்டாத பொருள் வருவாய் ஈட்டித் தந்தால் போதும் என்றிருந்தார்கள். 1930களில் திரெங்கானுவின் கெமாமான், டுங்குன் சுரங்கங்களும் சேர்ந்துகொள்ள, மலாயாவின் இரும்புத் தாது ஏற்றுமதி ஏறத்தாழ முழுவதும் ஜப்பானுக்கே என்றானது. இஷிஹாரா சொந்தக் கப்பல் நிறுவனமும் தொடங்கிவிட்டார்.

அந்த இரும்பு எதற்குப் போகிறது என்பதை ஆட்சியாளர்களுக்கு முன்பே கேட்டவர்கள் தொழிலாளர்கள். 1937இல் ஜப்பான் சீனாவின் மீது படையெடுத்ததும், ஸ்ரீ மேடானின் சீனத் தொழிலாளர்கள் திரளாக வேலையை விட்டு வெளியேறினார்கள். 1938இல் டுங்குனிலும் அதே நடந்தது. தங்கள் ஊர்மீது விழும் குண்டுக்குத் தாங்களே தாது வெட்டிக் கொடுப்பதா என்பதே அவர்கள் சீற்றம். நாள்கூலியை நம்பி வாழ்ந்தவர்கள் எடுத்த முடிவு அது என்பதை மறந்துவிடக் கூடாது. பிரிட்டிஷ் அரசு ஜப்பானியச் சொத்துகளை முடக்கி வணிகத்தை நிறுத்தியது 1941 ஜூலையில்தான்.

அடுத்த ஆறே மாதத்தில் ஜப்பானியப் படை ஜோகூரில் நின்றது. 1942 ஜனவரியில் மூவார், பக்ரி, பத்து பகாட் எனச் சண்டை நகர்ந்தது. தாதுப் படகுகள் போய்வந்த அதே சிம்பாங் கிரி ஆற்றின்மேல் பாரிட் சூலோங் பாலம் இருக்கிறது. மூவாரிலிருந்து பின்வாங்கிய ஆஸ்திரேலிய, இந்திய வீரர்களை அந்தப் பாலத்தில் ஜப்பானியர் மறித்தார்கள். நடக்க முடிந்தவர்கள் காட்டுவழியே தப்பினார்கள். விட்டுச்செல்லப்பட்ட காயமுற்றவர்களில் ஏறக்குறைய 150 பேர் ஜனவரி 22ஆம் தேதி கொல்லப்பட்டார்கள். யவாத்தாவின் எஃகில் ஸ்ரீ மேடான் மண் எவ்வளவு, அது எந்தத் துப்பாக்கிக்குப் போனது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இருபது ஆண்டு தாது போன வழியில் போர் திரும்பி வந்தது என்று மட்டும் சொல்லலாம்.

இஷிஹாராவின் நிறுவனத்துக்கு ஜப்பானில் ஒரு பாதாளச் சுரங்கமும் இருந்தது: மியே மாநிலத்தின் கிஷூ செம்புச் சுரங்கம். சயாம் மரண ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்டு உயிர் தப்பிய பிரிட்டிஷ் போர்க் கைதிகள் 300 பேர் 1944இல் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். கொரியர்களும் அங்கே கட்டாய வேலை செய்தார்கள். கைதிகளில் 16 பேர் இறந்தனர். இருக்கா என்ற அந்த ஊரில் அவர்களுக்கு நினைவிடம் உண்டு. ஊர்மக்களே அதைப் பேணி வந்தார்கள். அதே ரயில் பாதையில் மடிந்த மலாயாத் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்லே இல்லை.

இஷிஹாரா போருக்குப் பின் போர்க் குற்றச் சந்தேகத்தில் சுகாமோ சிறையில் வைக்கப்பட்டு, 1948இல் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டார். ஜோகூரிலோ போருக்குப் பின்னும் மண் கப்பலேறுவது நிற்கவில்லை. இம்முறை பாக்சைட். தெலுக் ரமுனியா பகுதியில் வெட்டப்பட்டு, அலுமினியம் ஆக வெளிநாடு போனது. பகாங்கின் குவாந்தானில் 2015இல் சீனாவுக்கான பாக்சைட் லாரிகள் சாலைகளைச் செம்மண்ணாக்கிய பிறகு, 2016 ஜனவரியில் அரசு தற்காலிகத் தடை விதித்தது. 2023 செப்டம்பரில் பிரதமர் அன்வார் இப்ராஹிம், அரிய மண் தாதுக்களைப் பதப்படுத்தாமல் ஏற்றுமதி செய்வதற்குத் தடை வரும் என அறிவித்தார்.

பதப்படுத்தும் ஆலை எங்கே என்ற கேள்வி ஐரோப்பாவையும் விடவில்லை. வோல்ஃப்ஸ்பெர்க் மலையிலிருந்து எடுக்கும் லித்தியத் தாதுவைப் பேட்டரிக்கு ஏற்ற ஹைட்ராக்சைடாக மாற்ற, சவூதி அரேபியாவில் ஆலை அமைக்கவே அந்நிறுவனம் 2023இல் கூட்டு ஒப்பந்தம் செய்தது.