எடக்கல்லில் ஒரு கையெழுத்து: பெயர் கீறலும் தண்டனையும்

எடக்கல் பாறைத் தாழ்வாரத்தில் சுற்றுலா வருவோர் பெயர் கீறிச் செல்வது நெடுநாள் புகார். திருவனந்தபுரத்தில் தலைமையிடம் கொண்ட கேரளத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் அது. அதே பாறையில் கல்வெட்டறிஞர்கள் படியெடுத்துப் போற்றும் பெயர்களும் உண்டு. ஒன்றைக் குற்றமென்றும் மற்றதைக் கல்வெட்டென்றும் பிரிப்பது எது? பழமை என்பதே வழக்கமான விடை. அது போதாது என்பதே இங்கு என் வாதம்.

மலபார் போலீஸ் கண்காணிப்பாளர் ஃபாசெட் 1890-களில் இவ்விடத்தை ஆராய்ந்து, 1901-இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் எழுதினார். அங்குள்ள வடமொழி வரி ஒன்றைக் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ், குடும்பீய குலத்தை வளர்த்த ஸ்ரீ விஷ்ணுவர்மனின் எழுத்து எனப் படித்தார். எழுத்துகளைப் படித்த விதத்தில் எனக்கு மறுப்பில்லை. ‘குடும்பீய’ என்பதைக் குலப்பெயராகக் கொண்டதில்தான் இடறல். அதையொட்டியே அவனைக் கதம்ப அரசனோடு இணைத்தவர்களும், குறும்பரோடு இணைத்தவர்களும் உண்டு. ஆனால் குப்தர்காலச் செப்பேடுகளில் ‘குடும்பின்’ என்றால் நிலம் உழும் இல்லத்தான். இங்கும் அப்பொருளே என்றால், குலத்தை வளர்த்த அவன் ஒரு வமிசத்தின் வேந்தன் அல்லன்; தன் வீட்டாருக்குப் பெருமை சேர்த்த ஒருவன். மேலும், இவ்வரியில் ஆட்சியாண்டு இல்லை, கொடை இல்லை, ஆணை இல்லை. பெயர், குடும்பம், ‘லிகிதம்’ (எழுத்து), அவ்வளவே. வந்தவன் இட்ட கையெழுத்தின் வடிவம் இது. அரசப் பெயர்களில் வழங்கும் ‘ஸ்ரீ’யும் ‘வர்ம’னும் எனக்கு எதிராக நிற்பதை ஒப்புக்கொள்கிறேன். காலமோ எழுத்தமைதியால் மட்டும் ஊகிக்கப்படுவது. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளுக்கிடையே இன்றும் ஊசலாடுகிறது.

என் வாசிப்பு சரியென்றால், விஷ்ணுவர்மனுக்கும் இன்றைய பயணிக்கும் செயலில் வேறுபாடு சிறிது. விலக்கும் சட்டம் இருந்ததா என்பதே பெரிது. அச்சட்டம் நம்மிடம் வந்தது 1904-இல், வைஸ்ராய் கர்சன் காலத்தில். அதன் 16-ஆம் பிரிவு, உரிமையாளர் அல்லாத எவரும் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டமாதலால், கம்பெனி கோட்டை கட்டிய அஞ்சுதெங்கு அதன் எல்லைக்குள் இருந்தது. திருவிதாங்கூருக்குட்பட்ட விழிஞ்ஞம் குடைவரை வெளியே நின்றது. திருவனந்தபுரத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள இரு கடலோர ஊர்களில் ஒரே கீறலுக்கு இரு நிலைகள்.

விடுதலைக்குப் பின் வந்த 1958 சட்டத்தின் 30-ஆம் பிரிவில் தொகை அதே 5,000, சிறையும் அதே மூன்று மாதம். ஆனால் பாடபேதம் கவனிக்கத்தக்கது: முன்பு அபராதம் முதலில் வந்தது, இப்போது சிறை முதலில் வந்தது, ‘உரிமையாளர் அல்லாத’ என்பது போய் ‘எவரொருவர்’ என்றானது. அரை நூற்றாண்டில் பணமதிப்பு கரைந்ததால், 1904-இல் ஒருவரை நொடித்துவிடக்கூடிய தொகை சுருங்கிப்போனது. 2010 திருத்தம் அதை ஒரு லட்சமாகவும் சிறையை இரண்டாண்டாகவும் உயர்த்தியது. இதைக் கடுமை என்று மட்டும் படிப்பது தவறு. அபராதத்தைப் பொறுத்தவரை பெரும்பகுதி, இழந்ததை ஈடுகட்டியதே.

சிறையின் கதை வேறு. 2015-இல் இலங்கையின் சிகிரியாவில் கண்ணாடிச் சுவரில் பெயர் கீறிய இளம்பெண்ணுக்கு இரண்டாண்டுச் சிறை விதித்தார்கள். பின்னர் அதிபர் மன்னித்தார். எட்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை வந்துபோனோர் கீறிய செய்யுட்களை அதே சுவரிலிருந்து தொல்லியலாளர் பரணவிதான 1956-இல் பதிப்பித்திருந்தார். மன்னிக்க வேண்டிவரும் தண்டனை அளவு தப்பிய தண்டனை.

அப்படியென்றால் அளவுகோல் எது? தமிழ்ப் பிராமியில் ‘க’ என்பது ஒரு கூட்டல் குறி. காதலர் இருவர் பெயர்களுக்கு நடுவே கீறும் குறியும் அதுவே. தமிழ்ப் பிராமி வரிகளும் உள்ள எடக்கல்லில் ஒரு கூட்டல் குறி தவறான இடத்தில் விழுந்தால், ஒரு சொல்லே மாறிவிடும். ஆகவே தண்டனையை எடைபோட வேண்டியது கீறலின் கீழே எது அழிந்தது என்பதை வைத்து. வெறும் பாறையில் விழுந்ததற்குச் சீரமைப்புச் செலவோடு அபராதம் போதும். எழுத்தை அழித்ததற்கே சிறை.

விஷ்ணுவர்மன் அரசனா, குடியானவனா என்பது தீரவில்லை. என்றேனும் தீர வேண்டுமானால், அவன் கீறிய வரி கீறல் படாமல் மிஞ்ச வேண்டும்.