கதிரியல் பாதுகாப்பு அலுவலர்

கதிரியல் பாதுகாப்பு அலுவலர் என்பவர், அயனியாக்கும் கதிர்வீச்சு பயன்படும் மருத்துவமனை, தொழிற்சாலை, ஆய்வகம் ஆகியவற்றில் பணியாளரும் பொதுமக்களும் தேவையற்ற கதிர்வீச்சுக்கு உள்ளாகாதவாறு கண்காணிப்பவர் ஆவார். இந்தியாவில் 2004 ஆம் ஆண்டின் அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகள் இப்பதவியின் கடமைகளை வரையறுத்தன.

பயிற்சி

கல்வித் தகுதி துறைக்கேற்ப மாறுபடும். புற்றுநோய்க் கதிர்சிகிச்சையில் பெரும்பாலும் மருத்துவ இயற்பியலாளரே இப்பொறுப்பை ஏற்கிறார். மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் நெடுங்காலமாக இதற்கான பயிற்சிகளை அளித்து வந்துள்ளது. தேர்ச்சி மட்டும் போதாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும்.

திறன்கள்

கதிர்வீச்சு அளவிகளைக் கையாளுதல், தடுப்புச் சுவரின் தடிப்பைக் கணக்கிடுதல், பணியாளர் மார்பில் அணியும் அளவி அட்டையின் முடிவுகளை ஆராய்தல் (வரம்பு: ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டு) ஆகியன அடிப்படைத் திறன்கள். எளிதிற் புறக்கணிக்கப்படுவது கதிர்மூலங்களின் இருப்புக் கணக்கைப் பேணுதலே. தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் பயன்படுத்தப்படாதிருந்த கோபால்ட்டு-60 கருவியொன்று 2010 இல் கழிவுப் பொருளாக ஏலத்தில் விற்கப்பட்டு, மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் பிரிக்கப்பட்டது. கோபால்ட்டு-60 இன் அரைவாழ்வுக் காலம் 5.27 ஆண்டுகள்; அதன்படி 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 4 விழுக்காடே எஞ்சியிருக்கும். அவ்வளவே ஒருவர் உயிரைப் பறிக்கவும் வேறு சிலரை நோயுறச் செய்யவும் போதுமானதாயிற்று.