கதைப் பேச்சு (கரிசல் வட்டாரம்)

குழந்தைகள் கேட்ட, படித்த கதைகளைப் பற்றிப் பெரியவர்கள் அவர்களோடு பேசுவது கதைப் பேச்சு. தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டியைச் சுற்றி எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர்ப் பக்கங்களில் பரந்து கிடக்கும் மானாவாரிக் கரிசல் பூமியில் இந்தப் பழக்கம் பள்ளிக்கூடங்களுக்கு மூத்தது.

வாய்மொழிக் கதைக்கு முதல் நிபந்தனை ‘உம்’ கொட்டுவது. பிள்ளை உம் கொட்டாவிட்டால் சொல்கிறவர் கதையை நிறுத்திவிடுவார், ‘பெறகு?’ என்று கேட்டால்தான் கதை நகரும். நேற்றுச் செத்த நரி இன்று எப்படி வந்தது என்று பிள்ளை மடக்கினால், பாட்டி அங்கேயே ஒரு புது வழி கண்டுபிடித்தாக வேண்டும். இத்தகைய கதைகளைத் தேடித் திரட்டிய கி. ராஜநாராயணன் (1923–2021), கோவில்பட்டியை அடுத்த இடைசெவல்காரர். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகச் சொல்லிக்கொண்ட அவர், பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியராக இருந்தார்.

அச்சுப் புத்தகம் வந்ததும் பேச்சு திசை மாறியது. கேள்வி கேட்கும் உரிமை பிள்ளையிடமிருந்து பெரியவருக்குப் போனது. ‘இந்தக் கதையின் நீதி என்ன?’ என்பது வகுப்பறைக் கேள்வி. விடை முன்பே முடிவாகிவிட்டது என்று பிள்ளைக்குத் தெரியும். பிறகு பேச என்ன இருக்கிறது? இங்கிலாந்துச் சிறார் எழுத்தாளர் எய்டன் சேம்பர்ஸ் 1993இல் வெளியிட்ட ‘டெல் மீ’ நூலில் வேறு வழி சொன்னார். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எது புதிராக இருந்தது, எது திரும்பத் திரும்ப வந்தது என்று கேட்கலாம், ‘ஏன்?’ என்று மட்டும் எடுத்த எடுப்பில் கேட்கக்கூடாது, அது பிள்ளைக்கு விசாரணையாகப் படும். ‘பெறகு?’ கேட்டு வளர்ந்த ஊருக்கு இது அந்நியமான யோசனை அல்ல.

கதை வழியாகப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் உண்டாகும் உறவை இலக்கியமாக்கியவர் இன்னொரு இடைசெவல்காரர், கு. அழகிரிசாமி (1923–1970). அவருடைய ‘ராஜா வந்திருக்கிறார்’ சிறுகதை, யார் பாடப்புத்தகத்தில் படம் அதிகம் என்று பிள்ளைகள் பக்கம் புரட்டிப் போட்டி போடுவதில் தொடங்குகிறது. பெரிய வீட்டுக்கு ஜமீன் மாப்பிள்ளையான ராஜா வருகிறார். ஏழை வீட்டுக்கு ராஜா என்று பெயர் கொண்ட ஓர் அநாதைச் சிறுவன் வந்து சேர்கிறான். பிள்ளைகளோடு பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான கதை அரிது: யார் ராஜா என்று கேட்டால் ஒவ்வொரு பிள்ளையும் வேறு பதில் சொல்லும். ‘அன்பளிப்பு’ கதையில் புத்தகங்கள் நிறைந்த அறைக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் உரிமையோடு வந்து போகிறார்கள். அந்த உரிமைக்குள்ளேயே ஒரு பிள்ளை, சாரங்கன், விடுபட்டுப் போகிறான். பிள்ளைகளோடு நன்றாகப் பேசுகிறவருக்கும் யாரோடு பேசவில்லை என்பது தெரியாமல் போகலாம். ‘கதை நேரம்’ நடத்தும் ஆசிரியர்கள் இந்தக் கதையை முதலில் படிப்பது நல்லது. ‘அன்பளிப்பு’ என்ற தலைப்பிலேயே வந்த தொகுப்புக்கு, அழகிரிசாமி மறைந்த 1970ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

எல்லாப் பிள்ளைக்கும் கதை கேட்க நேரம் இருந்ததில்லை. மழை பொய்த்த வீடுகளின் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனார்கள். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பில் 14 வயதுக்குட்பட்டோரைத் தடுத்தது; ஆனால் குடும்பமே நடத்தும் பட்டறைகளுக்கு விலக்கு அளித்தது. வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டிய கைகளை அது எட்டவில்லை.

கோவில்பட்டியில் வாழும் உதயசங்கர், ரயில்வேயில் பணியாற்றியபடியே சிறார் கதைகள் எழுதியவர். மலையாளத்திலிருந்தும் நிறைய மொழிபெயர்த்தவர். அகழாய்வுத் தலமான கீழடியைக் களமாகக் கொண்ட அவருடைய ‘ஆதனின் பொம்மை’ சிறார் நாவல் 2023இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. அதே ஆண்டு தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிநிலைகளில் சிறு கதைப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பியது. படித்து முடித்த பிள்ளையிடம் ஆசிரியர் முதலில் என்ன கேட்கிறார் என்பது இன்னும் அந்தந்த வகுப்பறையைப் பொறுத்தே இருக்கிறது.